தொழில் நிமித்தம் கொடைக்கானல்

ஊரில் எல்லோரும் என்னை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நான் ஆடிட்டர் இல்லை. கடைக்காரர்களுக்கு வரிக் கணக்கு எழுதிக் கொடுத்து, வேண்டிவந்தால் அவர்களுக்காக அதிகாரி முன்னால் போய்ப் பேசுகிறவன். கைலாசநாதன் என்று விசாரித்தால் காரைக்காலில் பாதிப் பேர் விழிப்பார்கள். ஆடிட்டர் என்றால் ரிக்‌ஷாக்காரர் வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவார். நானும் மறுப்பதில்லை.

என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் பொய் சொல்லக் கூச்சப்படாதவர்கள். அதனால் என் பாடு சுலபம். வைத்தியலிங்கம் ஒருவர்தான் என் உயிரை வாங்கினார்.

விழிதியூர்க்காரர். காரைக்கால் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். பிரான்சுக்குப் போகிறவர்களின் பாஸ்போர்ட் படம், கல்யாணம், காதுகுத்து என்று தொழில் நன்றாகவே நடந்தது. வயது ஐம்பதைத் தாண்டியும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. ஸ்டுடியோ மாடியிலேயே படுக்கை, மெஸ்ஸில் சாப்பாடு. பகலெல்லாம் அடுத்தவர் குடும்பத்தை ‘இன்னும் நெருங்கி உட்காருங்க’ என்று சொல்லிக்கொண்டிருப்பார். கடையைச் சாத்திய பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. அந்த மாடியில் விளக்கு எரிவதைப் பார்த்தால் எனக்கே ஒரு மாதிரி இருக்கும். இருந்தும் ஏறிப்போய் உட்கார்ந்ததில்லை.

மார்கழியில் கல்யாணம் கிடையாது. அந்த மாதத்தில் ஒரு வாரம் ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டுக் கொடைக்கானல் போவார். ஒரு தடவை அவர் கொண்டுவந்த ரசீதுக் கட்டில் அந்த லாட்ஜ் பில்லும் கலந்திருந்தது. நான் அதையும் தொழில் செலவில் எழுதினேன்.

“இது நான் ஊர் சுத்திப் பாக்கப் போனதுங்க, ஆடிட்டர் சார்” என்றார்.

“உங்க ஸ்டுடியோவுல பின்னாடி ஒரு படுதா தொங்குதுல்ல? அதுல மலையும் ஏரியும் வரைஞ்சிருக்குல்ல? புதுப் படுதா எழுதறதுக்கு மாதிரி பாத்துட்டு வரப் போனீங்க. முழுக்கத் தொழில் விஷயம்.”

அவர் தலையைச் சொறிந்தார். எனக்கோ என் மூளையை நினைத்து ஒரே பெருமை. அதன் பிறகு வருஷா வருஷம் அந்தப் படுதாவைக் காட்டியே கொடைக்கானலைக் கணக்கில் ஏற்றிவந்தேன். எண்பத்து மூன்றில் நோட்டீஸ் வந்தது. பயணம் தொழிலுக்காகத்தான் என்பதற்கு ஆதாரத்துடன் பாண்டிச்சேரிக்கு நேரில் வரவேண்டுமாம். இந்த வருஷம் தோற்றால் போன வருஷங்களையும் தோண்டி எடுப்பார்கள். வரி, வட்டி, அபராதம் என்று மனிதர் ஸ்டுடியோ கேமராவையே விற்கவேண்டி வரலாம்.

பாண்டிச்சேரி நமக்குத் தலைநகரம்தான்; போய்ச் சேர்வதற்குள் தமிழ்நாட்டில் பாதியைப் பார்த்துவிடலாம். சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று பஸ் ஊர்ந்த நேரமெல்லாம் நான் அவருக்குப் பாடம் நடத்தினேன்.

“செலவு தொழிலுக்காக மட்டுமே ஆயிருக்கணும். அதான் சட்டம். சந்தோஷமா இருந்துச்சு, குளுகுளுன்னு இருந்துச்சுன்னு வாயத் தொறந்துடாதீங்க. போட்டோ எடுத்துட்டு வந்திருக்கீங்கல்ல?”

“இருக்குங்க.” மடியில் இருந்த கவரைத் தட்டிக் காட்டினார். மலையும் ஏரியுமாக இருக்கும் என்று நினைத்து நானும் பிரித்துப் பார்க்கவில்லை.

அதிகாரி சின்ன வயதுக்காரர். முகத்தில் கடுப்பில்லை. கவரிலிருந்த படங்களை மேஜைமேல் பரப்பினார். மலையும் இல்லை, ஏரியும் இல்லை. எல்லாம் மனிதர்கள். படகில் புதுமணத் தம்பதி. ஸ்வெட்டர் போட்ட ஒரு குடும்பம், நடுவில் ஒரு குழந்தை. கையில் பூச்செண்டு வைத்துக்கொண்டு ஒரு வயதான தம்பதி. எந்தப் படத்திலும் இவர் இல்லை. கேமரா இவர் கையில் அல்லவா இருந்தது!

“யாரு இவங்கல்லாம்?”

வைத்தியலிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. யாரும் அவரிடம் அதைக் கேட்டதே இல்லை, நான் உட்பட. “இது திண்டுக்கல்காரங்க, சார். பக்கத்து ரூம். இந்தப் பாப்பாவுக்குக் குளிர் தாங்கல, கழுத்துல கட்டியிருக்கறது என் மப்ளர்தான். இவங்க ரெண்டு பேரும் காரைக்குடி. பெரியவருக்கு மூட்டு வலி, கையப் புடிச்சுதான் மேட்டுல ஏத்தினேன்.”

நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன். உடனே எனக்கு ஒரு யோசனையும் தட்டுப்பட்டது. “சார், லீவு நேரத்துல அங்க போய்ப் படம் எடுத்துக் குடுத்திருக்கார். இவங்க எல்லாம் கஸ்டமர்ஸ்.”

அதிகாரி என்னைப் பார்க்கவில்லை. “அவர் சொல்லட்டும். ஏன் சார், இவங்ககிட்ட பணம் வாங்கினீங்களா? ஏதோ கொஞ்சம் வாங்கியிருந்தாகூடப் போதும். தொழிலுக்குப் போனதா எடுத்துக்கறேன்.”

இப்படிப்பட்ட அதிகாரி கிடைக்க ஏழு ஜென்மம் தவம் இருக்கவேண்டும். கதவைத் திறந்து வைத்துவிட்டு வா என்கிறார். தலையை ஆட்டினால் போதும். வைத்தியலிங்கம் அந்தக் குழந்தையின் படத்தைக் கையில் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வாங்கலீங்க, சார். இவங்க கஸ்டமர் இல்லீங்க.”

“பின்ன யாரு?”

“தெரிஞ்சவங்க. ஒண்ணாத்தான் சுத்திப் பாத்தோம். எல்லாருக்கும் படத்தத் தபால்ல அனுப்பிட்டேன்.”

“பதில் போட்டாங்களா?”

அவர் கையிலிருந்த படத்தை மேஜைமேல் வைத்தார். “போடலீங்க. அவங்கவங்க வேலையில இருப்பாங்க, பாவம்.”

அதிகாரி பேனாவை எடுத்தார், எழுதாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார், பிறகு எழுதினார். தொழில் செலவு என்பதை ஏற்கவில்லை. முந்தைய வருஷங்களுக்கும் நோட்டீஸ் வரும் என்று தணிந்த குரலில் சொன்னார். வைத்தியலிங்கம் எழுந்து கும்பிட்டுவிட்டு, படங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கவரில் போட்டார்.

வெளியே வந்ததும் எனக்கு வந்ததே கோபம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வாயை மூடாமல் திட்டினேன். அவர் கவரை அணைத்துக்கொண்டு கூடவே நடந்தார். டீக்கடையில் கிளாஸைக் கையில் கொடுத்துவிட்டு மறுபடியும் ஆரம்பித்தேன்.

“ஒரே ஒரு வார்த்தைங்க! கஸ்டமர்னு சொல்லியிருந்தா உங்க தலையா போயிடும்? அவங்களுக்கு உங்க பேராச்சும் ஞாபகம் இருக்குமா?”

“இருக்காதுங்க” என்றார். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை.

“அப்புறம் என்ன?”

“அவங்களக் கஸ்டமர்னு எழுதிட்டா, அப்புறம் கொடைக்கானலுக்கு நான் யாரோட போயிட்டு வந்தேங்க, ஆடிட்டர் சார்?”