முதலில் எழுதியவன்

தன் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் தெர்லிஸ் மோட்டார் சைக்கிளை ஒரு மாமரத்தடியில் நிறுத்தினான். வண்டியில் ஏதோ கோளாறு என்று நினைத்து, பின்னால் உட்கார்ந்திருந்த நில்சா இறங்கினாள். அவன் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

"வீட்ல ஒண்ணு சொல்லியிருக்கேன். நான்தான் உனக்கு முதல்ல எழுதினேன்னு. நீ ரெண்டு வாரம் பதிலே போடலன்னு."

"எதுக்கு அப்படிச் சொன்னே?"

"எங்கம்மாவ உனக்குத் தெரியாது. முதல்ல எழுதுற பொண்ணுன்னா..." அவன் தலைக்கவசத்தின் வாரை இழுத்துவிட்டான். "ஒரு ஞாயித்துக்கிழமைதானே. சிரிச்சிட்டே இரு, போதும்."

லூக்கே நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நில்சாவுக்கு இருபத்தொன்பது வயது. குளிர்பெட்டி பழுது பார்க்கும் தெர்லிஸை ஜோடி தேடும் செயலியில் கண்டு முதலில் எழுதியது அவள்தான். சந்திக்கலாமா என்று கேட்டதும் அவள்தான். பேருந்து நிறுத்தத்தில் அவன் கையைப் பிடித்ததும் அவள்தான். 'என்னை யாரும் இப்படித் தேடி வந்ததில்ல' என்று அன்றிரவு அவன் எழுதியிருந்தான். அதை அவள் எத்தனையோ முறை எடுத்துப் படித்திருக்கிறாள். ஆனால் தெருவில் அவனுடைய நண்பர்கள் எதிர்ப்பட்டால், அவன் கை சட்டென்று அவள் தோளில் ஏறி அவளைத் தள்ளிக்கொண்டு போகும். அதையும் அன்பு என்றே அவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

முற்றத்து நிழலில் மேசை போட்டிருந்தார்கள். சுட்ட இறைச்சி, அவித்த மரவள்ளிக்கிழங்கு. தெர்லிஸின் அக்கா மிரியானின் கணவன் ஓஸ்மார் முதல் துண்டை வாயில் போடும்போதே ஆரம்பித்தான்.

"பொண்ணுங்களப் பாத்தா குளிர்பெட்டிக்குப் பின்னாடி ஒளியிற ஆளு இவன். நெசமாவே இவனா உனக்கு எழுதினான்?"

எல்லோரும் சிரித்தார்கள். தெர்லிஸ் தட்டிலிருந்த எலும்பைத் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் காது மடல் சிவந்திருப்பதை நில்சா கவனித்தாள்.

"ஆமா, அவருதான்," என்றாள்.

"அப்படி என்னதான் எழுதினான்? படிச்சுக் காட்டும்மா, கேப்போம்," என்றாள் தெர்லிஸின் அம்மா. "போன்ல இருக்கும்ல?"

மறுக்க வழியில்லை. நில்சா போனை எடுத்து விரலால் மேலே மேலே தள்ளினாள். ஐந்து மாதப் பேச்சு ஓடி, முதல் வரியில் வந்து நின்றது. அவள் எழுதிய வரி. பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சாய்ந்து எட்டிப் பார்க்குமுன் படித்துவிட்டாள்.

"'இந்த போட்டோல ஏன் இவ்வளவு கோபம்? யார் மேலன்னு சொல்லுங்க, நானும் சேர்ந்து கோபப்படுறேன்.'"

ஓஸ்மார் மேசையைத் தட்டினான்.

"மச்சான், உள்ளுக்குள்ள இவ்வளவு வெச்சிருக்கியா? ஆம்பளன்னா இப்படி எழுதணும்."

"அதுக்கு நீ என்ன போட்டே?" அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் போடல," என்றாள் நில்சா.

அம்மா திருப்தியோடு தலையாட்டி, நல்ல துண்டாகப் பார்த்து நில்சாவின் தட்டில் வைத்தாள். தெர்லிஸ் மெல்ல நிமிர்ந்தான். வெட்கம் கரைந்து முகத்தில் வேறொன்று ஏறுவதை அவள் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அந்த மேசையில் யாரும் அவனைப் புகழ்ந்திருக்க மாட்டார்கள்.

"ரொம்ப யோசிச்சுதான் எழுதினேன்," என்றான் தெர்லிஸ்.

தட்டுகளை அடுக்கும்போது மிரியான் அவள் பக்கம் குனிந்தாள்.

"நான் எங்க வீட்டுக்காரர அஞ்சு தடவ வேணாம்னேன். மொத நாளே புடிச்சிருந்துச்சு. அஞ்சாவது தடவ சொன்னப்போ, திரும்பி வராமப் போயிட்டா என்ன பண்றதுன்னு..." ஓஸ்மார் அந்தப் பக்கம் வந்ததும் நிறுத்திக்கொண்டு தட்டுகளோடு உள்ளே போனாள்.

வெயில் சுவரேறியதும் ஒரே குவளையில் சுற்றிக் குடிக்கும் தெரெரே பானம் ஆரம்பமானது. அம்மா மாட்டுக்கொம்புக் குவளையில் மூலிகை போட்ட குளிர்ந்த நீரை ஊற்றி ஒவ்வொருவருக்காகக் கொடுத்தாள். போதும் என்றால் குவளையைத் திருப்பித் தரும்போது நன்றி சொல்ல வேண்டும். அதன்பிறகு தர மாட்டார்கள். இரண்டாவது சுற்றிலேயே நில்சாவின் வயிறு நிறைந்து, பல் கூசியது. நன்றி என்ற சொல் தொண்டைவரை வந்தது. எதிரே தெர்லிஸ் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவள் நன்றி சொல்லாமல் காலிக் குவளையை நீட்டினாள். அம்மா அதை வாங்கி, சுற்று வந்ததும் மறுபடி விளிம்புவரை நிரப்பி அவள் கையில் வைத்தாள்.