இழுப்புதாங்கி

இங்க் ஃபில்லரால் ஜோதிகா விட்ட தண்ணீரை ஜாங்கிரி குடிக்கவில்லை. வாயோரம் நின்ற சொட்டு, அது மூச்சிழுத்த வேகத்தில் நடுங்கிக் கழுத்து மயிருக்குள் இறங்கியது.

ஜாங்கிரி ஒரு சீமை எலி, கினிப்பன்றி என்பார்களே அது. வயது அரை வருடம்கூட இல்லை, உடம்பும் இரண்டு உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆனால் அது மூச்சு விடும் சத்தம் காலடிப்பேட்டை முழுக்கக் கேட்டது. மீன்பாடி வண்டிக்காரர்கள் தங்கள் சக்கரத்துக்குத்தான் எண்ணெய் வற்றிவிட்டதோ என்று இறங்கிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு நாய் மானஸ்தன், வேறு தெருவுக்கே குடிபோய்விட்டது.

ஜோதிகாவுக்கும் மூச்சிழுப்பு உண்டு. மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் அந்த வீட்டு ரசத்துக்குப் பெருங்காயம் தேவையில்லை, நாற்றமே போதும். அந்த நாட்களில் அவள் உட்கார்ந்தபடியேதான் தூங்குவாள். போன மழைக்காலத்துக்குப் பிறகுதான், பிறந்தநாளும் இல்லாமல் பண்டிகையும் இல்லாமல், நைனா திருமுருகன் விசைப்படகிலிருந்து இறங்கியதும் ஜாங்கிரியை வாங்கிவந்து அவள் மடியில் விட்டார்.

"உனக்கோசரம்தான் கண்ணு. பக்கத்துலயே படுக்கப் போட்டுக்கோ."

ஊரிலேயே இப்படியொரு அப்பா கிடையாது என்று ஜோதிகா பள்ளிக்கூடம் முழுக்கச் சொன்னாள். ஜாங்கிரி வளர்ந்தால் கன்றுக்குட்டி அளவு ஆகும், சவாரி போகலாம் என்றும் சேர்த்துச் சொன்னாள்.

இப்போது அது கொத்தமல்லித் தண்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூக்கில் சளி காய்ந்திருந்தது. நைனாவும் தினமும், "நாளைக்கி மாட்டாஸ்பத்திரிக்கி எடுத்துகினு போலாம் கண்ணு" என்றார். அந்த நாளை வரவே இல்லை. ஜோதிகா துண்டில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டு கிளம்பினாள்.

மீன் கூடையோடு உள்ளே வந்த அம்மா செல்லம்மா வாசலை அடைத்து நின்றாள்.

"எங்கடி?"

"டாக்டராண்ட."

"ஒண்ணும் வாணாம். உள்ள போ."

"செத்துடும்மா!"

செல்லம்மா நகரவில்லை. அவளுக்குப் பின்னாலிருந்து சுப்புராஜ் எட்டிப் பார்த்தார். கொருக்குப்பேட்டையில் புறா வளர்ப்பவர், நைனாவின் தோஸ்து. கப்பலில் வந்திறங்கிய ஒட்டகத்துக்கே வயிற்றுப்போக்கை நிறுத்தியவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். குனிந்து ஜாங்கிரியின் விலாவில் காதை வைத்தார். முகம் கல்யாண வீட்டுச் சீரியல் செட் மாதிரி எரிந்தது.

"மாமு! புச்சிகிச்சு மாமு! நா சொல்லல? பொண்ணு இழுப்ப மொத்தமா வாங்கிக்கிச்சு!"

வலையைத் தைத்துக்கொண்டிருந்த நைனா தலை தூக்கினார். "மெல்லமா பேசு மாமு."

"இன்னாத்துக்கு மெல்லமா? கொண்டாடு! மருந்து கிருந்து குட்த்துத் தொலைக்காதீங்க. இது பொழச்சிகிச்சுன்னா இழுப்பு திரும்பப் பொண்ணாண்டயே வந்து குந்திக்கும். இது போனாத்தான் அதுவும் போவும்."

ஜோதிகா நைனாவைப் பார்த்தாள். அவர் ஊசியில் ஏற்கெனவே கோத்திருந்த நூலை மறுபடி கோக்கப் பார்த்தார்.

"நைனா, இதுக்கா வாங்கியாந்த?"

"உனக்கோசரம்தான் கண்ணு" என்றார் அவர், நூலிடம்.

"போன மழைல உன் ஒதடு நீலமாப் போச்சு" என்றாள் செல்லம்மா. கூடையை இன்னும் இறக்கவில்லை. "நீ பாக்கல. நா பாத்தன்டி."

சேதி பரவியது. தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து, சாகக் கிடக்கும் எலியைப் பார்த்து, ஜோதிகாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தார்கள். அந்தச் சத்தத்தைத் தீபாவளி என்று நினைத்துத் திருவொற்றியூர்க் காக்கைகள் எல்லாம் கடலுக்குள் பறந்தன. "வுட்டுச்சு பேஜாரு" என்றாள் பக்கத்து வீட்டுத் தாயம்மா. யாரோ கேசரி கிண்டப்போவதாகச் சொன்னார்கள்.

ஜாங்கிரி எப்போதும்போல ஜோதிகாவின் முழங்கை மடிப்புக்குள் மூக்கைச் செருகியது. அந்த வீட்டில் அதற்குப் பிடித்த இடம் அதுதான். கொஞ்ச நேரம் இழுத்தது. அப்புறம் இழுக்கவில்லை.

கடற்கரைக் கருங்கற்களுக்கு இந்தப் பக்கம் நைனா குழி தோண்டினார். திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும் என்பது சுப்புராஜின் கட்டளை. ஜோதிகா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். யாரும் அதட்டவில்லை.

ஜோதிகாவை வாசலில் உட்காரவைத்து அம்மா மஞ்சள் தண்ணீர் ஊற்றினாள். சாயங்காலக் காற்று மணலிப் பக்கமிருந்து திரும்பியிருந்தது. நைனா அவள் பின்னால் மண்டியிட்டு, ஈர முதுகில் காதை வைத்தார்.

"மூச்சு வுடு கண்ணு."

அவருக்குக் கேட்பதற்கு முன்பே ஜோதிகாவுக்கு உள்ளேயிருந்து கேட்டுவிட்டது. நெஞ்சின் அடியில், மெல்லிய விசில். ஜாங்கிரி எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவள் இழுப்பு அவளிடம்தான் இருந்தது. அதை நைனாவின் காது கிழியக் கேட்கவைக்க வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

நைனா முதுகிலிருந்து காதை எடுக்காமலே அம்மாவிடம் சொன்னார்: "எதுக்கும் ஞாயித்துக்கெழம இன்னொண்ணு வாங்கியாந்துர்லாம். குட்டி ஒண்ணு கீதாம். சுப்புராஜ் எட்த்து வெக்கிறன்னான்."

ஜோதிகா வாயை மூடி மூச்சை அடக்கிக்கொண்டாள்.

"இன்னா கண்ணு, சத்தமே காணோம்? வுடும்மா."

அவள் ஒன்றுமில்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள். முடியிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நைனா காதை இன்னும் அழுத்தி வைத்துக் கேட்டார்.