ஜெபம் முடிந்ததும் பத்து நிமிடம்

அனிதா மேரிக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பயிற்சி வகுப்பில் நல்லதாக எதைக் கேட்டாலும் மறுநாளே தன் பிள்ளைகளிடம் செய்து பார்த்துவிட வேண்டும். உத்தமபாளையத்துக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மாதா கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் அவள் யு.கே.ஜி. டீச்சர். பிள்ளைகளின் தாய்மார்களில் முக்கால்வாசிப் பேர் விடியுமுன்னே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு வழியாகக் கேரளாவுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிறவர்கள். பிள்ளை கண் விழிக்கும்போது அம்மா மலையில் இருப்பாள். பொழுது சாய வந்து விழுகிறவளிடம் போய், உட்கார்ந்து 'அ' சொல்லிக் கொடு என்றால் எந்த மகராசிக்கு உடம்பு வளையும்?

அந்த வகுப்பில் ஜெர்வின் என்று ஒரு பயல். எழுத்துப் பைத்தியம். ஒரு எழுத்தைக் கற்றுக்கொண்டால் அது எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று ஊரெல்லாம் தேடுவான். அரிசி மூட்டையில் இருக்கிறது, அப்பா ஜீப்பின் பின்னால் இருக்கிறது, கல்லறையில் தாத்தா பெயரில் இருக்கிறது என்று காலையில் மூச்சு வாங்க வந்து சொல்வான். கதைப் புத்தகத்தை எடுத்தால் போதும், அவள் மடியில் ஏறி உட்கார்ந்து பக்கத்தை அவனே திருப்புவான். அதில் வரும் யானைக்கு ஒரு நாள் ஒரு பெயர் வைப்பான், மறுநாள் மாற்றுவான். இவன் தானாகவே வாசிக்கத் தொடங்கிவிடுவான் என்று அவள் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமை பேசினாள். பேசாமல் விட்டிருக்கலாம். விட்டால்தானே!

தேனியில் நடந்த பயிற்சியில், வீடும் சேர்ந்து படித்தால்தான் பிள்ளை படிக்கும் என்றார்கள். குடும்பம் மொத்தமும் கூடுகிற ஒரு நேரத்தைப் பிடித்து, தினமும் பத்து நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள் என்றார்கள். அனிதா மேரிக்கு உடனே பொறி தட்டியது. எவ்வளவு அசந்து வந்தாலும் இந்த ஊரில் மாலை ஜெபத்துக்குக் கூடாத வேதக்கார வீடு கிடையாது. மற்ற வீடுகளிலும் விளக்கேற்றுகிற நேரம் என்று ஒன்று இருக்கிறது. ஜெபம் முடிந்த கையோடு பத்து நிமிடம் வாசியுங்கள், அதைச் செல்போனில் பிடித்து வகுப்பு குரூப்பில் போடுங்கள் என்று பெற்றோர் கூட்டத்தில் சொன்னாள். தன் யோசனையை நினைத்து அவளுக்கே அன்றைக்கு அவ்வளவு சந்தோஷம்.

அந்தக் கூட்டத்துக்கு வந்த ஒரே தகப்பன் ஆரோக்கியசெல்வம். ஜெர்வினின் அப்பா. எஸ்டேட்டுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப்பின் டிரைவர். கோயிலில் நிற்பதுபோலக் கையைக் கட்டிக்கொண்டு நின்று அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

முதல் வீடியோ அன்றைக்கே வந்தது. பின்னால் மாதா படம், கலர் பல்பு. முன்னால் ஜெர்வினின் முகம் மட்டும். யானைப் பக்கத்தைக் கணீரென்று ஒரு தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்தான். அனிதா மேரி கைதட்டும் படங்களை வரிசையாக அனுப்பினாள். தினமும் வந்தது, தினமும் தட்டினாள். ஆரோக்கியசெல்வம் அண்ணனைப் பார்த்துப் பழகுங்கள் என்று மற்ற வீடுகளுக்குக் குரல் செய்தியும் போட்டாள். கொஞ்ச நாளில் மற்ற பிள்ளைகளின் வீடியோவும் வரத் தொடங்கியது. தலைமை சிஸ்டர் கூப்பிட்டுப் பாராட்டினார்.

இதற்கிடையில் ஜெர்வின் மடிக்கு வருவதை நிறுத்தியிருந்தான். எழுத்து தேடுவதும் நின்றுபோயிருந்தது. பயல் வளருகிறான் என்று நினைத்துக்கொண்டாள். கண் இருந்தும் குருடியாக இருந்திருக்கிறாள், வேறென்ன சொல்ல?

ஒரு நாள் புதுப் புத்தகம் ஒன்றை விரித்து அவனை வாசிக்கச் சொன்னாள். அதில் குரங்கும் கிணறும் இருந்தன. ஜெர்வின் பக்கத்தைப் பார்க்கவே இல்லை. அவள் தலைக்கு மேலே சுவரைப் பார்த்துக்கொண்டு, யானைக் கதையை ஒரே மூச்சில் ஒப்பித்து, "ஆமென்" என்று முடித்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் அவனைக் கிட்டே இழுத்தாள். அவன் கால்சட்டை ஏறியிருந்த இடத்தில் முட்டி இரண்டும் தோல் தடித்துக் கறுத்திருந்தன. கேட்டதற்கு, வீட்டில் முழங்கால் போட்டுத்தான் படிப்பேன் என்றான். தப்பினால் முதலிலிருந்து சொல்ல வேண்டுமாம்.

ஆத்திரம் தலைக்கேறி அன்றைக்குச் சாயங்காலமே அவன் வீட்டுக்குப் போனாள். கையில் ஏலக்காய்க் கறையோடு செபஸ்தி, ஜெர்வினின் அம்மா, அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். ஆரோக்கியசெல்வம் டீச்சரைக் கண்டதும் பதறி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. ஐந்து வயசுப் பிள்ளையை இப்படி வதைப்பீர்களா என்று கேட்டாள். அந்த மனிதருக்கு அவள் எதைச் சொல்கிறாள் என்றே முதலில் பிடிபடவில்லை.

"மாதா மேல சத்தியமா ஒரு அடி அடிச்சதில்ல டீச்சர். எங்கய்யா எனக்கு ஜெப மந்திரம் சொல்லிக் குடுத்தது இப்படித்தான். முழங்கால் போடணும், தப்புனா முதல்லருந்து. இன்னைக்கு வரைக்கும் ஒரு வரி மறக்கல. படிப்பு மட்டுந்தான் எனக்கு ஏறல. அதான் இவனுக்கு ரெண்டையும் சேத்தே வச்சேன்."

ஜெபம் மனப்பாடம், வாசிப்பு அப்படியல்ல, பிள்ளை பார்த்துப் பார்த்துத் தடுமாறித்தான் வர வேண்டும் என்று அவள் சொல்லச் சொல்ல, அவர் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது. மகன் முட்டியை இப்போதுதான் பார்ப்பவர்போலப் பார்த்தார்.

செபஸ்தி மட்டும் அசையவில்லை. "வேணாம்னு நானும் சொன்னேன் டீச்சர். நீங்க தெனமும் கை தட்டிப் போட்டீக. டீச்சருக்கே புடிச்சிருக்கு, நீ சும்மா கெடன்னு இவுக சொல்லிட்டாக."

அனிதா மேரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. இனிமேல் பிள்ளையை அவன் போக்கில் விட்டுவிடுகிறேன் என்று ஆரோக்கியசெல்வம் கையெடுத்துக் கும்பிட்டார். கிளம்பி வாசலுக்கு வந்தவளின் பின்னாலேயே வந்து, தயங்கித் தயங்கி இன்னொன்றையும் சொன்னார்.

"ஜீப்புல வர்ற பொம்பளைகளும் கேட்டாக டீச்சர், ஒம் மகன் மட்டும் எப்படிப் படிக்கான்னு. மலையேறும்போது நாந்தான் எல்லாத்துக்கும் இந்த வழியச் சொல்லிக் குடுத்தேன்."

இரவு குரூப்பில், இனி வீட்டில் வாசிக்க வேண்டாம், வீடியோ வேண்டாம் என்று எழுதினாள். மூன்று பேர் அதற்கும் கைதட்டும் படம் போட்டார்கள். படித்துப் பார்த்துப் போட்டார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுதத் தெரிந்தவளுக்கு, அதைப் படிக்க முடியாதவர்களே அந்தக் குரூப்பில் பாதிப்பேர் என்பது அப்போதுதான் உறைத்தது.

மறுநாள் வகுப்பில் பாயை விரித்து உட்கார்ந்தாள். இன்றைக்கு யாரும் வாசிக்க வேண்டாம், டீச்சர் கதை சொல்கிறேன், எல்லாரும் கிட்டே வாருங்கள் என்றாள். பிள்ளைகள் வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். ஜெர்வினைத் தன் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தாள்.

ஜெர்வின் அவள் கையை மெல்ல விலக்கிவிட்டு முழங்காலில் நின்று கையைக் குவித்தான். அவனுக்கு அடுத்தவளும் நின்றாள். அப்புறம் ஒவ்வொன்றாக, பாயில் பாதிப் பிள்ளைகள் முழங்காலுக்கு வந்துவிட்டன.

"உக்காருங்கப்பா," என்றாள். "யாரும் தப்புப் பண்ணல. உக்காருங்க."

தப்பு என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்க வேண்டும். ஜெர்வின் கண்ணை இறுக மூடிக்கொண்டு யானைக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தான்.