வேட்டைத் திருவிழாத் துவக்கு

உடுப்பிட்டியில் கதிரவேலுவின் வீட்டுக்கு வருகிறவர்கள், விறாந்தைச் சுவரில் தொங்கும் துவக்கைப் பற்றி முதலில் விசாரித்துவிட வேண்டும். விசாரிக்காதவர்களுக்குத் தேத்தண்ணி சீனியில்லாமல் வரும். இரட்டைக் குழல் துவக்கு. குழல்களின் நடுவே 'லண்டன்' என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் ஊர்த்தலைவராக இருந்த பூட்டனார் வேலாயுத விதானையாருக்குக் கவர்னர் தன் கையாலேயே கொடுத்ததாம். போர்க்காலத்தில் வீட்டைச் சோதிக்க வந்த எல்லாத் தரப்பினரும் அதை இறக்கிப் பார்த்தார்கள். திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுப் போனார்கள். அதைத் தன் குடும்பத்துக்குக் காட்டிய மரியாதை என்றே கதிரவேலு நம்பியிருந்தார்.

முருகன் கோயில் வேட்டைத் திருவிழாவில், சுவாமி மரக்குதிரையில் வீதிக்கு வரும்போது விதானையார் அந்தத் துவக்கால் வெடி வைப்பாராம். இப்போது வெடி இல்லை. கதிரவேலு தூக்கிக்கொண்டு நிற்பதோடு சரி. ஆனாலும் அந்த உரிமையில்தான் முதல் காளாஞ்சி அவருக்கு. ஐயர் தட்டில் வைத்து நீட்டும் வெற்றிலை, பாக்கு, தேங்காய்தான். என்றாலும் முதலில் வாங்குகிறவரின் நெஞ்சு அன்றைக்கு இரண்டு அங்குலம் கூடும். இரண்டாவதாக வாங்கும் பிரகலாதன் இந்த வருடம் கோயில் சபைக்குக் கடிதம் எழுதினார். துவக்கைத் தெரிந்தவர் ஒருவர் பரிசோதிக்க வேண்டுமாம்.

"ஓய்வுபெற்ற உதவிப் பதிவாளரின்ரை வீட்டிலை பொய்த் துவக்கோ? நானே ஆளைக் கொண்டுவாறன். அறிக்கை நேரே சபைக்குப் போகட்டும்," என்று கதிரவேலு பதில் எழுதினார்.

வந்தவர் குருநகர் எமில்ராஜ். பெல்ஜியத்தில் பழைய துவக்குகள் திருத்தும் பட்டறையில் பன்னிரண்டு வருடம் இருந்து திரும்பியவர். குழலைக் கழற்றிக் கவிழ்த்து, பூதக்கண்ணாடியால் பார்த்தார்.

"ஐயா, உது லண்டன் இல்லை."

"எழுதிக் கிடக்குது, கண் தெரியேல்லையோ?"

"எழுத்து மேலை கிடக்குது. முத்திரை கீழை கிடக்குது. இந்த முட்டை வட்டத்துக்குள்ளை மூண்டு எழுத்து இருக்கெல்லோ? பெல்ஜியத்திலை லியேஜ் எண்ட ஊரிலை சோதிச்ச குழல். கெதியா விலைப்படட்டும் எண்டு லண்டன் எண்டு வெட்டிவிடுறவங்கள்."

"அப்ப கவர்னர் குடுத்தது?"

"குடுத்திருக்கலாம், ஐயா. நல்லது ஒண்டைத் தனக்கு வைச்சுக்கொண்டு."

குசினிக்குள்ளிருந்து மனைவி ஞானாம்பிகையின் இருமல் கேட்டது. அது இருமல் இல்லை.

எமில்ராஜ் அடுத்ததாகத் தோட்டா போடும் இடத்தைப் பார்த்தார். இரண்டு குழலும் ஈயம் உருக்கி ஊற்றி அடைக்கப்பட்டிருந்தன. ஈயத்தின்மேல் 'வே' என்று கீறியிருந்தது, விதானையாரின் கையெழுத்தேதான். தோளில் முட்டுக் கொடுக்கும் சோங்கின் அடித்தகட்டை நகர்த்தியபோது உள்ளே சிறிய அறை. அதற்குள் ஒரு நெருப்புப்பெட்டியும் சீனவெடியின் சிவப்புக் கடதாசித் துண்டுகளும்.

"விதானையார் துவக்கை நீட்டிக்கொண்டு நிக்க, பின்னாலை ஆரோ சீனவெடி கொளுத்தியிருக்கினம்," என்றார் எமில்ராஜ். அடித்தகட்டைத் தடவிக் கொடுத்தார். "இப்பிடி ஒரு வேலைப்பாட்டை நான் ஐரோப்பாவிலையும் காணேல்லை."

"ஈயத்தைத் துளைச்சு எடும்."

"ஏலாது ஐயா. சொந்தக்காரர் செய்த மாற்றத்திலை கை வைக்கப்படாது. முத்திரை துவக்கு எங்கை பிறந்ததெண்டு சொல்லும். இதுதான் அது எப்பிடிச் சீவிச்சதெண்டு சொல்லும்."

"அது சீவிக்கேல்லை எண்டெல்லோ சொல்லுது!"

அறிக்கை சபைக்குப் போனது. பிரகலாதன் எழும்பி, "பின்னாலை நிண்டு கொளுத்தினது எங்கடை அப்பப்பா. சத்தம் எங்கடையெண்டால் காளாஞ்சியும் எங்கடை," என்றார். கதிரவேலு, "அந்த வெடிக்குத் திசை காட்டினது ஆர்?" என்றார். இரண்டு மணித்தியாலம் கழித்துத் தலைவர் தீர்ப்புச் சொன்னார். பழைய மாற்றங்களைக் காப்பாற்றுவது விஞ்ஞானம் என்று நிபுணரே எழுதியிருப்பதால், வழக்கமும் விதானையார் மாற்றி வைத்தபடியே நடக்க வேண்டும். கதிரவேலு துவக்கைப் பிடிப்பார். பிரகலாதன் பின்னால் நின்று கொளுத்துவார். முதல் காளாஞ்சி துவக்குக்கே, வாங்குவது அதைப் பிடிக்கிற கை.

வேட்டைத் திருவிழா அன்று வீதி நிறையச் சனம். கனடாவிலிருந்து வந்தவர்கள் கைத்தொலைபேசிகளை உயர்த்திப் பிடித்தார்கள். சுவாமி மரக்குதிரையில் வந்து நின்றார். கதிரவேலு துவக்கைத் தோளில் வைத்து, வானத்தைக் குறிபார்த்து, கண்ணொன்றை மூடினார்.

சத்தம் வரவில்லை.

"தம்பி, கொளுத்து," என்றார் உதடு அசையாமல்.

"நெருப்புக்குச்சி நமுத்துப்போச்சு, அண்ணை," என்றார் பின்னாலிருந்து பிரகலாதன், அவசரமே இல்லாமல்.

துவக்கு பாரம். குழல் முனை மெல்லத் தாழ்ந்து கோபுரத்துக்கு வந்தது. பிறகு நாதஸ்வரக்காரருக்கு வந்தது. அவர் வாசித்தபடியே ஓரடி விலகினார்.

"விளையாடாதை, சனம் பாக்குது."

"பாக்கட்டுமே. முதல் காளாஞ்சி ஆருக்கண்ணை?"

"சபை சொன்னதெல்லோ!"

"சபையிட்டை நெருப்பு இல்லையே."

குழல் இப்போது ஐயரின் தட்டுக்கு நேரே நின்று நடுங்கியது. யாரோ ஒரு பெட்டை, "துவக்குக்குப் பட்டரி முடிஞ்சுதாக்கும்," என்றாள். சிரிப்பு முன்வரிசைக்குப் பரவத் தொடங்கியது.

"உனக்குத்தான்ரா," என்றார் கதிரவேலு பல்லைக் கடித்தபடி. "எடுத்துக்கொள். கொளுத்து!"

வெடி அதிர்ந்தது. சனம் "அரோகரா" என்று கையெடுத்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற ஐயர் தட்டோடு பிரகலாதனை நோக்கி நடந்தார். கதிரவேலு அந்தப் பக்கம் பார்க்கவேயில்லை. துவக்கு உதைத்துவிட்டதுபோல ஓரடி பின்னால் தள்ளாடி, கனடாக்காரரின் தொலைபேசிக்கு நன்றாகத் தெரியும்படி, வலது தோளைத் தடவிக்கொண்டு நின்றார்.