பத்தொன்பது இல்லை

படிவத்தில் இருபத்தைந்து கேள்விகள் இருந்தன. பத்தொன்பதுக்கு நான் ‘இல்லை’ என்று எழுதினேன். பொய் எழுதியிருக்கலாம், யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ஆனால் பொய் எழுதினால் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு திரிய வேண்டும். எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

கல்லூரிப் பத்திரிகையில் முதலாண்டு மாணவர்களை அறிமுகப்படுத்த ஒரு பக்கம் உண்டு. அதற்கான படிவம் அது. கோணல்மாணலாக மடித்து என் கையில் திணித்தவள் மூன்றாம் ஆண்டு படிக்கும் எடிட்டரக்கா. சைக்கிள் ஓட்டத் தெரியுமா? இல்லை. தோழிகளோடு சினிமாவுக்குப் போனதுண்டா? இல்லை. பிறந்தநாளுக்கு நண்பர்களை அழைத்ததுண்டா, காதல் கடிதம் வந்ததுண்டா, வகுப்புக்கு மட்டம் போட்டதுண்டா, வீட்டுக்குத் தெரியாமல் எங்காவது போனதுண்டா, முடிக்குச் சாயம் அடித்ததுண்டா, கடல் பார்த்ததுண்டா? இல்லை, இல்லை, இல்லை. எழுதி எழுதிக் கையெழுத்தே அழகாகிவிட்டது.

மிச்ச ஆறுக்கு நன்றாகவே பதில் எழுதியிருந்தேன். பிடித்த நிறம்: சாயம் போகாத எந்த நிறமும். பிடிக்காத பொருள்: மூடி இல்லாத பேனா. பிடித்த வாசனை: சூடான பருத்தி. பயம்: நைலான். கடைசியாக அழுதது: பிளீச் டப்பா கவிழ்ந்தபோது. தனித்திறமை: நாலு மூலையிலும் எலாஸ்டிக் வைத்த மெத்தை விரிப்பை ஒற்றை ஆளாக நாற்பது நொடியில் மடிப்பேன். இதையெல்லாம் யாரும் கண்டுகொள்ளவில்லை. எல்லோருக்கும் அந்தப் பத்தொன்பது மட்டும்தான் கண்ணை உறுத்தியது.

எங்களுடையது சலவைக்கடை. முன்னால் கவுண்டர், நடுவில் இரண்டு மெஷின், பின்னால் இஸ்திரி மேஜை, மாடியில் நாங்கள். எனக்குப் பதிமூன்று வயதானபோது அம்மாவின் வலது தோள் பழுதாகிப்போனது. இஸ்திரிப் பெட்டியைப் பிடித்தால் ஐந்தாவது நிமிடம் விரல் மரத்துவிடும். நான் போய் மேஜை முன்னால் நின்றேன். யாரும் என்னைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் நிறுத்தவில்லை. பள்ளி விட்டு நாலரைக்கு வந்தால் எட்டு மணிவரை மேஜை எனக்கு, பட்டன் தைப்பதும் டோக்கன் குத்துவதும் அம்மாவின் இடது கைக்கு, கவுண்டர் அப்பாவுக்கு. இப்படி ஐந்து வருஷம்.

அப்பாவுக்குக் கடையில் ஒரே ஒரு சட்டம். துணியை வாங்கும்போதே எல்லாப் பையிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும். அகப்பட்டதை டோக்கன் எண் எழுதிய உறையில் போட்டு ஒட்டி, துணியோடு திருப்பித் தர வேண்டும். “கை பாக்கலாம், கண்ணு பாக்கக் கூடாது” என்பார். “பையில இருக்கறது அவங்களோடது. அவங்ககிட்டதான் போகணும்.” ஒருமுறை ஒரு பெரியவரின் பல்செட்டையே உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறார். இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கை ஒரு பையைக்கூடத் தவறவிட்டதில்லை.

எடிட்டரக்கா என்னைப் பத்திரிகை அறைக்குக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தாள். நல்லவள். அதுதான் சிக்கலே. கெட்டவளாக இருந்தால் அங்கேயே நாலு வார்த்தை கேட்டுவிட்டு எழுந்து வந்திருப்பேன்.

“ஸ்கூல் கடைசி நாள் பார்ட்டிக்குக் கூடப் போகலையா?”

“இல்லக்கா. அன்னிக்கு எங்க கிளாஸ் பொண்ணுங்க பதினாலு பேரோட கவுனு எங்க கடைக்குத்தான் வந்துச்சு. கடைசி கவுனு முடியும்போது மணி ஏழு.”

அவள் கண் கலங்கிவிட்டது. நான் பெருமையாகச் சொன்ன விஷயம் அது. பதினாலு கவுன், ஒன்றில்கூட ஒரு கருகல் கிடையாது!

“கடைசிக் கேள்வி பாரு. இந்த வயசுல எதையாவது இழந்துட்டதா நினைக்கிறீங்களான்னு கேட்டிருக்கு. அதுக்கும் இல்லைன்னு போட்டிருக்கியே?”

“இல்லைன்னா இல்லைதான்க்கா.”

அவள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். “வெள்ளிக்கிழமை வரவேற்பு விழாவில உன்னைப் பத்தி நானே பேசப் போறேன். அப்பா அம்மாவைக் கண்டிப்பா கூட்டிட்டு வா.”

வீட்டில் சொன்னதும் அப்பா ஒரு அட்டையை எடுத்தார். ‘வெள்ளி மாலை கடை விடுமுறை’ என்று பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் மாட்டினார். வாரத்திலேயே கூட்டம் நெரிக்கும் மாலை அது. நான் பிறந்த அன்றைக்குக்கூடக் கடையைப் பாதிதான் மூடினாராம். அம்மா சொல்லிக் காட்டுவாள்.

வியாழக்கிழமை கல்லூரி விட்டு வந்தபோது மேஜைக்குப் பக்கத்தில் ஒரு கருநீலக் கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. டோக்கன் 214. ‘இஸ்திரி மட்டும், அவசரம்’ என்று அப்பாவின் கையெழுத்தில் சீட்டு. எடிட்டரக்காவின் கோட்டு என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வழக்கம்போல ஒருமுறை தடவிப் பார்த்தேன். உள்பையில் காகிதம் சரசரத்தது. கையில் வந்தது இரண்டு தாள், ஓரத்துக்கு ஓரம் பிசகாமல் நாலாக மடித்தது. எனக்குக் காகிதத்தைவிட அப்பா ஒரு பையைத் தவறவிட்டதுதான் பெரிய அதிர்ச்சி. மனுஷனுக்கு வயசாகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உறையில் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். ஆனால் மடிப்பின் மேலேயே தடித்த எழுத்தில் தலைப்பு தெரிந்தது: ‘இஸ்திரிச் சூட்டில் கருகிய இளமை.’ இந்தக் கல்லூரியில் எத்தனை பேர் வீட்டில் இஸ்திரி மேஜை இருக்கும்? பிரித்துப் படித்தேன்.

‘துள்ளித் திரிய வேண்டிய வயதில் அந்தச் சிறுமியின் கையில் கனத்தது இஸ்திரிப் பெட்டி. பெற்றோரின் இயலாமை அவளுடைய கனவுகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கியது. அவள் ஒருநாளும் சிறுமியாக இருக்கவில்லை.’ இப்படி இரண்டு பக்கம். என் மெத்தை விரிப்பு அதில் இல்லை. பதினாலு கவுன் இருந்தது, ஆனால் நான் அவற்றின் மேல் கண்ணீர் விட்டபடி தேய்த்ததாக இருந்தது. கண்ணீர் பட்டால் பட்டில் திட்டாகிவிடும் என்பதுகூடத் தெரியாதவள் எழுதியது.

எனக்கு வந்த கோபத்துக்குப் பெட்டியைப் பிளக்கில் செருகாமலே துணி தேய்த்திருக்கலாம். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தாள். இடது கையால் தாளை வாங்கிப் படித்தாள்.

“பெற்றோரின் இயலாமைன்னா, அது என் தோளா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“நீ விடும்மா.”

“அப்பா காதுல விழக் கூடாது. ஸ்டீமுக்குக் கீழ வை. அரை நிமிஷத்துல கூழாயிடும்.”

வைத்துவிடலாம் என்றுதான் எனக்கும் கை பரபரத்தது. “அவகிட்ட இன்னொரு காப்பி இருக்கும்மா” என்றேன்.

எனக்குப் பயமாக இருந்தது. என்னைப் பற்றி முந்நூறு பேர் என்ன நினைத்தால் எனக்கென்ன? ஆனால் அந்த முந்நூறு பேருக்கு நடுவே அப்பா உட்கார்ந்திருப்பார். பெற்ற மகளின் இளமையைத் தின்றுவிட்டவர் என்று ஒலிபெருக்கியில் கேட்பார். எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். வீட்டுக்கு வந்து, மறுநாள் காலையில் என் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, ‘நீ மேல போய்ப் படி’ என்பார். அதற்குப் பிறகு அந்த ஐந்து வருஷமும் எங்கள் வீட்டில் யாரும் பேசாத ஒரு குற்றமாகிவிடும். அதை என்னால் தாங்க முடியாது.

தாள்களை உறையில் போட்டு ஒட்டினேன். 214 என்று எழுதினேன். கோட்டில் ஒரு சுருக்கம் இல்லாமல் தேய்த்தேன். கோபம் வேறு, வேலை வேறு.

வெள்ளிக்கிழமை மதியம் பத்திரிகை அறைக்குப் போனேன். கோட்டு நாற்காலியில் தொங்கியது. உறை மேஜைமேல் பிரிக்காமல் கிடந்தது.

“அந்த உறையை ஒட்டினது நான்தான்க்கா. உள்ள இருக்கறதைப் படிச்சதும் நான்தான். எங்க கடை வழக்கப்படி அது தப்பு. திட்டுறதுன்னா திட்டிக்கோங்க. ஆனா அதை நீங்க மேடையில படிக்கக் கூடாது.”

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. “நீ எழுதிக் குடுத்ததைத்தானே எழுதியிருக்கேன்?”

“நான் ‘இல்லை’ன்னு எழுதினேன். ‘ஐயோ’ன்னு எழுதலை.”

“உனக்கு நல்லது நடக்கட்டும்னுதான்…”

“எனக்கு என்ன கெட்டது நடந்துச்சுன்னு மொதல்ல சொல்லுங்க.”

அவள் மேஜையிலிருந்த அச்சுத் தாளை எடுத்துக் காட்டினாள். “நிகழ்ச்சி நிரல் அச்சாயிடுச்சு. அஞ்சு நிமிஷம் உன் பேருக்குன்னு போட்டிருக்கு. இப்ப நான் என்ன பண்றது?”

“என் பேருக்குத்தானே போட்டிருக்கு? நானே படிக்கிறேன்.”

“என்னத்தைப் படிப்பே?”

“படிவத்தை.”

மாலையில் அரங்கம் நிறைந்திருந்தது. அப்பாவும் அம்மாவும் மூன்றாவது வரிசை. அப்பா தானே தேய்த்துக்கொண்ட வெள்ளைச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். காலர் மட்டும் கொஞ்சம் நெளிந்திருந்தது. அவருக்குக் காலர் வராது.

மைக்கைப் பிடித்தேன்.  

“சைக்கிள் ஓட்டத் தெரியுமா? இல்லை. ஆனா உங்கள்ல யாரெல்லாம் சைக்கிள் செயின்ல பேன்ட்டை விட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அந்தக் கறை எப்படிப் போகும்னும் தெரியும்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“பிறந்தநாளுக்கு நண்பர்களை அழைச்சதுண்டா? இல்லை. ஆனா எங்க தெருவுல நடந்த எல்லாப் பிறந்தநாள்லயும் யார் மேல கேக் விழுந்துச்சுன்னு கேளுங்க, சொல்றேன். காதல் கடிதம் வந்ததுண்டா? இல்லை. ஆனா பதினொண்ணு படிச்சிருக்கேன். எல்லாம் அப்பா சாப்பிடப் போனப்ப நான் கவுண்டர்ல நின்னு வாங்கின சட்டைப் பையில கிடைச்சது. ஒண்ணுல கூட எழுத்துப் பிழை இல்லாம இல்லை. எனக்கு வந்திருந்தா திருத்தி, மார்க் போட்டுத் திருப்பி அனுப்பியிருப்பேன்.”

அரங்கமே சிரித்தது. இரண்டு மூன்று பேர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனதைப் பார்த்தேன். அப்பாவின் புருவம் மேலே ஏறியதையும் பார்த்தேன். ஐயையோ, கடைச் சட்டத்தை மீறியதை ஊர்கூட்டிச் சொல்லிவிட்டேனே என்று அப்போதுதான் உறைத்தது.

“கடைசி நாள் பார்ட்டிக்குப் போனதுண்டா? இல்லை. நான் தேய்ச்ச பதினாலு கவுனு போச்சு. அதுல ரெண்டு கவுனுக்காரங்க இங்கேயே உட்கார்ந்திருக்காங்க. அன்னிக்கு ஒரு சுருக்கம் இருந்துச்சாங்க?”

“இல்லவே இல்ல!” என்று ஒருத்தி எழுந்து நின்று கத்தினாள்.

ஒன்றை மட்டும் நான் மேடையில் சொல்லவில்லை. அன்றைக்கு அந்தக் கடைசிப் பச்சைக் கவுனை என்மேல் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு ஹேங்கரில் மாட்டினேன். வலித்ததா என்றால் வலித்தது. ஆனால் அந்த வலி என்னுடையது, அதை எடுத்துப் பேச்சுப்போட்டி நடத்த யாருக்கும் உரிமை கிடையாது.

“கடல் பார்த்ததுண்டா? இல்லை. இதுல மட்டும் எனக்குக் குறைதான். ஆனா கடல் எங்கேயும் ஓடிடாது. கடைசிக் கேள்வி. இந்த வயசுல எதையாவது இழந்துட்டதா நினைக்கிறீங்களா? இல்லை. நான் எதையும் தொலைக்கலை. தொலைக்கறதெல்லாம் நீங்கதான். சாவி, மோதிரம், லெட்டர், எல்லாம் எங்க கடையில உறை போட்டுப் பத்திரமா இருக்கு. அடையாளம் சொல்லி வாங்கிட்டுப் போங்க!”

கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. மேடையோரத்தில் எடிட்டரக்காவும் தட்டிக்கொண்டிருந்தாள். பிரிக்காத உறையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள்.

வீட்டுக்கு நடந்தோம். அம்மா என் கையைக் கோத்துக்கொண்டாள். 

“பதினொண்ணா?” என்றார் அப்பா தெருமுனை வந்ததும்.

“அஞ்சு வருஷத்துலப்பா. வருஷத்துக்கு ரெண்டுதான் வருது.”

“இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒண்ணே ஒண்ணுதான் படிச்சிருக்கேன்.”

“எப்ப?”

“நேத்து மத்தியானம்.”

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். ஓரத்துக்கு ஓரம் பிசகாத அந்த மடிப்பு ஞாபகம் வந்தது. எடிட்டரக்காவுக்கு ஒரு படிவத்தைக்கூட நேராக மடிக்கத் தெரியாது.

“படிச்சுட்டுத் திரும்பப் பையிலேயே வச்சீங்களா? ஏன் உறையில போடலை?”

“உறையில போட்டா அந்தப் பொண்ணுகிட்டப் போயிடும்.” அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார். “அது உன்னோடது. உன்கிட்டதான் போகணும்.”

“எல்லாம் தெரிஞ்சுக்கிட்டா இந்த மனுஷன் காலையிலேர்ந்து சட்டை தேய்ச்சுட்டிருந்தாரு?” என்றாள் அம்மா. கோபமா சிரிப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

“நான் ஒண்ணும் செய்யாம விட்டிருந்தா? அவ அதையே படிச்சிருந்தா?” என்று கேட்டேன்.

“உட்கார்ந்து கேட்டிருப்பேன்.” கடைக் கதவைத் திறந்தபடி சொன்னார். “மேஜைக்கு ஒரு ஆள் பாக்கலாம்னு இருக்கேன்ம்மா. நீ மேல போய்ப் படி.”

நான் பயந்த அதே வார்த்தை.

“ஆள் பாருங்க, பரீட்சை சமயத்துல வந்து நிக்கட்டும். மத்த நாளெல்லாம் மேஜை என்னோடது. என்னோடது என்கிட்டதான் இருக்கணும். மொதல்ல அந்தச் சட்டையைக் கழட்டுங்க, காலர் சகிக்கலை.”

அப்பா காலரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கதவிலிருந்த விடுமுறை அட்டையைக் கழற்றினார். கிழித்துப் போடவில்லை. அதை மேஜை இழுப்பறைக்குள் பத்திரமாக வைத்தார்.

“அது எதுக்குப்பா?”

“கடலுக்குப் போற அன்னிக்கு மாட்டணும்ல.”

அப்படியானால் சீக்கிரத்தில் பதினெட்டு ‘இல்லை’தான். அதை நான் யாருக்கும் எந்தப் படிவத்திலும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை.