வேகாத அரிசி

கைவண்டி பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் வயிற்றுக்குள் யாரோ ஈரத்துணியைப் பிழிவது போலிருந்தது. சடையன் முழங்கால்களை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு ஒருக்களித்துக் கிடந்தான். வண்டியை இழுத்தவன் யூசுப். துறைமுகத்தில் அவனோடு மூட்டை தூக்குகிறவன், ஒரே கொட்டகையில் படுப்பவன். அவனும் இந்த வலியை நம்பவில்லை.

"ஜப்பான்காரன் சியாமுக்கு ரயில் ரோடு போட ஆள் புடிக்கிறான்னு நேத்துதான் சொன்னேன். இன்னிக்கு உனக்கு வயித்து வலி. நல்லாத்தான் நடிக்கிறேண்ணே நீ."

சடையன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். பச்சையாக வாந்திதான் வந்தது. அதற்குப் பிறகு வண்டி வேகமாகப் போனது. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, "ஆள் எண்றதுக்குள்ள போவணும். அப்புறமா வர்றேண்ணே" என்றான். வரமாட்டான் என்று இருவருக்கும் தெரியும்.

டாக்டருக்கு உதவியாக இருக்கும் டிரெஸ்ஸர் அப்புத்துரை யாழ்ப்பாணத்துக்காரர். உப்பிப்போன வயிற்றை அழுத்திப் பார்த்தார், தட்டிப் பார்த்தார்.

"குடல் முறுக்கிப்போட்டுது. வெட்டித்தான் நேராக்க வேணும், விட்டா உள்ளுக்க அழுகிப்போகும். ஜப்பான் டாக்டர்தான் வெட்டுவார். என்ன சாப்பிட்டனீ?"

"மரவள்ளிக் கிழங்குங்க."

மாதக்கணக்காக அதைத்தான் தின்றான். நேற்று மட்டும் அது இல்லை. நேற்று ஜப்பான்காரன் கிடங்கில் அடுக்குக்குப் பின்னால் ஒரு அரிசி மூட்டை கொக்கி பட்டுக் கிழிந்தது. யாரும் இல்லை. அள்ளி அள்ளி வாயில் போட்டான். பாதி மென்றான், பாதி அப்படியே விழுங்கினான். மூச்சு முட்டியபோதும் கை நிற்கவில்லை. கடைசியில் குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தான். வெளியே போகும்போது கோவணம் வரை அவிழ்த்துப் பார்ப்பார்கள், வயிற்றை யார் பார்ப்பது என்று நினைத்தான். போன மாதம் ஒருவன் மடியில் ஒரு பிடி அரிசியோடு அகப்பட்டான். அவனைக் கிடங்கு வாசல் கம்பத்தில் கட்டிவைத்தார்கள். உயிர் போகிற வரைக்கும் எல்லோரும் அவனைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்கள். சடையனும்தான்.

இப்போது வயிற்றையே திறக்கப்போகிறார்கள், அதுவும் ஜப்பான்காரன் கையால்.

"வெட்ட வேணாங்க."

"வெட்டாட்டிச் செத்துப்போவாய்."

"சரிங்க."

அப்புத்துரை பதிவேட்டை எடுத்தார். "உனக்கு ஆர் இருக்கினம்? ஆருக்குச் சொல்லி அனுப்புறது?"

அவன் தம்பி, சியாமில் ரயில் பாதை போடப் போனவன், திரும்பவில்லை. யூசுப்பின் பெயரைச் சொல்லலாமா என்று யோசித்தான். சொன்னால் அவனையும் பிடித்து விசாரிப்பார்கள். "யாருமில்லீங்க" என்றான். இன்று செத்தால் நாளைக்கு அவன் பலகையில் வேறொருவன் படுப்பான். கிழங்கு தின்று செத்தான் என்பார்கள், அதுகூட யாராவது கேட்டால்தான்.

அப்படியே கிடந்தான். பிழிந்துகொண்டிருந்த கை திடீரென்று விட்டுவிட்டது போலிருந்தது.

"வலி கொறைஞ்சிருச்சுங்க. நான் போயிடுறேன்."

அப்புத்துரையின் முகம் மாறியது. வயிற்றில் கை வைத்தார். "அது நல்லதுக்கில்லை. குடல் செத்துக்கொண்டிருக்கு, அதான் நோவு தெரியேல்ல."

சடையன் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தான். அவர் குனிந்தார்.

"கிழங்கு இல்லீங்க. அரிசி. கெடங்குல, பச்சையா தின்னுட்டேன்."

அவர் வாசல் பக்கம் பார்த்தார். சட்டையிலிருந்து அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். "இனி வாய் திறக்காதை" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தார்.

அறுவை மேஜையில் அவன் மணிக்கட்டுகளைத் துணியால் கட்டியதும் அவர்தான். ஜப்பான் டாக்டர் முதுகைக் காட்டிக்கொண்டு கை கழுவிக்கொண்டிருந்தார். மூக்கின் மேல் குளோரோஃபார்ம் துணி வந்தது, இனிப்பாக ஒரு நாற்றம். அப்புத்துரையின் வாயையும் மூக்கையும் வெள்ளைத்துணி மறைத்திருந்தது. அந்தக் கண்களில் ஏதாவது தெரிகிறதா என்று சடையன் தேடினான். அவை அவனைப் பார்க்கவில்லை. டாக்டர் நிற்க வேண்டிய பக்கத்தில், வயிற்றிலிருந்து எடுப்பதைப் போட, தரையில் ஒரு பீங்கான் பேசின் இருந்தது. அப்புத்துரை அதைச் சத்தமில்லாமல் காலால் தன் பக்கம் நகர்த்தினார். குழாய்த் தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.