மூன்றாம் செட்டு முட்டை

தனப்பிரியாவுக்கு வயிறு எரிந்தது. எரியாமல் என்ன செய்யும்? நாமக்கல் பக்கம் முப்பதாயிரம் கோழி வளர்க்கிற வீட்டில் பிறந்தவள் அவள். முட்டையை வைத்து ஆராய்ச்சி செய்யப் போகிறவளோ சேலத்தின் பணக்காரப் பகுதியான ஃபேர்லேண்ட்ஸில் வளர்ந்த பிரவீனா. உயிரோடு ஒரு கோழியைத் தொட்டிருப்பாளா என்பதே சந்தேகம்.

இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் நான்கையும் சேர்த்துப் படிக்கிற பட்டப்படிப்பு இருவருக்கும். இரண்டாம் வருடம் ஆளுக்கொரு பொருளை எடுத்து, நான்கு பாடத்தையும் கொண்டு ஆராய வேண்டும். சிறந்த ஆய்வுக்குப் பெங்களூரு ஆய்வகத்தில் கோடைப் பயிற்சி. ஒரே ஓர் இடம். அதைப் பிடித்துவிடத்தான் தனப்பிரியா நட்சத்திர ஒளியை எடுத்தாள். பண்ணை என்றால் மூக்கைப் பொத்துவார்கள் என்று வீட்டுத் தொழிலைப் பற்றி வகுப்பில் அவள் மூச்சு விட்டதில்லை. பிரவீனா பாட்டுக்கு "முட்டை ஓடு" என்று எழுதிக் கொடுத்தாள். பாடம் நடத்தும் ஆனந்தகுமார் சார் பூரித்துப்போய் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். நட்சத்திரத்துக்குத் தலையை மட்டும் ஆட்டினார்.

போதாததற்கு பிரவீனா எப்படியோ மோப்பம் பிடித்து வந்து நின்றாள்.

"தனா, உங்க வீட்ல பண்ணை இருக்காமே? நாலு அட்டை முட்டை கொண்டு வர்றியா? எல்லாம் ஒரே வயசுக் கோழியோடதா இருக்கணும்."

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு அட்டையை இளங்கோழிகள் இருந்த முதல் செட்டுக் கொட்டகையிலும் இரண்டை மூன்றாம் செட்டிலும் எடுத்தாள் தனப்பிரியா. அப்பா பார்த்துவிட்டார்.

"ஏஞ்சாமி, மூணாவது செட்டு கெழட்டுக் கோழியாச்சே. ஓடு மெலிசு, தொட்டா ஒடையுமே."

"பரவால்லீங்ப்பா. காலேஜுக்குத்தானுங்."

கிழட்டுக் கோழி முட்டை கொஞ்சம் பெரிதாக இருக்கும். அதனால் அளவு பார்த்துப் பொறுக்கி, நான்கு அட்டையிலும் கலந்து வைத்தாள். கை கூசவில்லை. கணக்கு குழம்பிப் பிரவீனா உளறட்டும், சார் முன்னால் முழிக்கட்டும் என்று நினைத்தபோது மனசுக்குக் குளுகுளுவென்று இருந்தது.

ஆய்வை விளக்கும் நாள் வந்தது. எடை வைத்து முட்டைகளை உடைத்த கணக்கைப் பிரவீனா திரையில் போட்டாள். ஒரு மேடு இருக்க வேண்டிய வரைபடத்தில் இரண்டு மேடு.

"இது ஒரே வயசுக் கோழி முட்டை இல்ல சார். ரெண்டு வயசு கலந்திருக்கு. அமிலத்துல கரைச்சுப் பாத்தேன், சுண்ணாம்பு அளவும் அதையேதான் சொல்லுது. முட்டை ஓட்டை வெச்சே கோழியோட வயசைச் சொல்லிடலாம்."

சாருக்கு முகமெல்லாம் பல். "கலந்திருக்குன்னு உனக்குச் சொல்லவே இல்லையா?"

"இல்ல சார். தனாதான் எனக்கே தெரியாம கலந்து குடுத்திருக்கா. என் கணக்கு கண்டுபிடிக்குதான்னு சோதிக்கத்தானே தனா?"

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"ஆமா," என்றாள் தனப்பிரியா. வேறு என்ன சொல்வாள்?

பெங்களூரு இடம் அங்கேயே பிரவீனாவுக்குப் போனது. கலக்காமல் கொடுத்திருந்தால் ஒற்றை மேட்டோடு சப்பென்று முடிந்திருக்கும். கிழட்டுக் கோழிக்கு ஓடு மெலியும் என்பதை, அந்த இரண்டாவது மேட்டை, பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள் தனப்பிரியா. அவளுக்குத்தான் அதைக் கேள்வியாகக் கேட்கத் தோன்றவில்லை. பாவி, கையிலேயே இருந்ததே என்று நெஞ்சு கொதித்தது.

"இரு தனா, உனக்கு நன்றி போட்டிருக்கேன்," என்று பிரவீனா கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். திரை முழுக்கப் பெரிய எழுத்தில் வந்தது: "முட்டை தந்தவர்: தனப்பிரியா, கோழிப்பண்ணை, நாமக்கல்."

எல்லோரும் கைதட்டினார்கள். தனப்பிரியாவும் தட்டினாள்.